மூன்றாவது மாடியில் முற்றம்

ஹெரிடேஜ் ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஏசியைப் போடுவார்கள். எங்கள் மூன்றாவது மாடிக்காரர் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுப்பார். ஜன்னல் அகலம், நிலைக்கதவின் கனம், ஊஞ்சல் சங்கிலியின் நீளம் எல்லாம் நோட்டில் ஏறும். குளியலறைப் பித்தளைக் குழாயைப் படுத்துக்கொண்டு போட்டோ எடுப்பார். கானாடுகாத்தானில் தண்ணீர் கொண்டுவந்த பையனிடம், "தம்பி, இந்தத் தூண் அசல் பர்மா தேக்குதானே?" என்றார். "தெரியாது சார், நான் ஒடிசா" என்றான் அவன்.

ஊர் திரும்பும் வழியில், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கார் தானாக நின்றுவிடும். அப்படி வந்த தூண் பன்னிரண்டடி. சென்னை ஃபிளாட்டின் உயரமோ ஒன்பதரை. காலை வெட்டித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். தூணை நம்பிக் கட்டடம் நிற்பது செட்டிநாட்டு வழக்கம். இங்கே கட்டடத்தை நம்பித் தூண் நிற்கிறது.

பிறகு ஆத்தங்குடிக் கல். கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, கையாலேயே செய்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் கல் அது. பில்டர் போட்ட டைல்ஸுக்கு மேலேயே பதித்ததில் தரை உயர்ந்து, வீட்டுக் கதவுகளின் அடியையெல்லாம் இழைக்க வேண்டியதாயிற்று. துடைக்கத் துடைக்கத்தான் அந்தக் கல் மினுங்கும். ஓட்டலில் அதற்கென்றே விடியற்காலையில் ஒரு அம்மா வருகிறார். "அந்த அம்மாவையும் சேர்த்து வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்றார் மனைவி. இவர் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தார். கூரியர் பையன் வாசலிலிருந்து சாப்பாட்டு மேசைவரை வந்துதான் நின்றான்.

முற்றம் இல்லாத வீடு வீடா? ஹால் நடுவே உருளியில் பூ மிதக்கவிட்டு, அதற்கு மேலே ஃபால்ஸ் சீலிங்கில் நீல விளக்கு வைத்து வானம் செய்தார். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகிய அன்றுதான் முற்றத்தில் முதன்முதலாக மழை பெய்தது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

செட்டிநாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிங்கப்பூர் போய், 1887இல் திறந்த ராஃபிள்ஸ் ஓட்டலையும் பார்த்துவிட்டார். அங்கே லாங் பாரில் கடலைத் தோலைத் தரையிலேயே போடுவார்களாம். அந்த மரபை மட்டும் மனைவி வாசற்படியிலேயே தடுத்துவிட்டார். அதே ஓட்டலில் 1902இல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் ஒரு புலியைச் சுட்டிருக்கிறார்கள். ஆகவே இவர் சோபாவுக்கு அடியில் ஒரு பொம்மைப் புலி படுத்திருக்கிறது. வேலை செய்யும் அம்மா அந்தப் பக்கம் பெருக்குவதே இல்லை.

இப்படி ஒருவர் உங்கள் அடுக்குமாடியிலும் இருப்பார். கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். டபரா காப்பி பிரமாதமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று பித்தளை துலக்கும் நாள். வந்த விருந்தாளிக்கும் ஒரு உருண்டை புளி உண்டு.