வீட்டைக் கட்டிப் பார்!

கேள்வி: "பத்து நிமிசம்" என்று சொல்லித்தான் மகன் மைன்கிராப்ட் விளையாட்டைத் திறக்கிறான். சோறு ஆறிப்போகிறது. என்ன செய்ய?
(ஒரு தாய், சித்தாண்டி)

பதில்: அவனுடைய மணிக்கூட்டைப் பிடியுங்கள் அம்மா. அந்த உலகத்தில் விடிந்து, இருண்டு, மறுபடி விடிய 20 நிமிடம்தான். பகல் 10, இரவு 7, மிச்சம் விடியலும் அந்தியும். அங்கே நள்ளிரவில் "போனை வை" என்றால் பிசாசுகளுக்கு நடுவில் எப்படி வருவான்? "விடிந்ததும் வா மகன்" என்று சொல்லுங்கள். கட்டில் செய்து வைத்திருந்தால் காத்திருக்கவும் வேண்டாம், படுத்தவுடன் விடிந்துவிடும்.

கேள்வி: பேரன் கட்டிய வீட்டைப் பச்சைப் பிசாசொன்று வெடித்துத் தகர்த்துவிட்டதாம். ஒரே அழுகை.
(அம்மப்பா, வந்தாறுமூலை)

பதில்: அது கிறீப்பர். விளையாட்டை உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன் பன்றி ஒன்றைச் செய்யப்போய், நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டதில் பிறந்தது. குச்சியும் கரியும் சேர்ந்தால் தீப்பந்தம். வளவு முழுக்க நட்டுவைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் அது முளைக்காது. வெளியிலிருந்து நடந்து வரும், அதற்கு வேலி.

கேள்வி: கடைசியில் யார் வெல்வது?

பதில்: ஒரு டிராகன் உண்டு. அதைக் கொன்ற பிறகும் உலகம் அப்படியே இருக்கும், பாதியில் விட்ட கூரையும்தான்.

கேள்வி: அங்கே வேளாண்மை உண்டா?
(வயற்காரர், சித்தாண்டி)

பதில்: நெல் இல்லை ஐயா, கோதுமைதான். 9க்கு 9 பாத்தி, நடுவில் ஒரே ஒரு புளொக் தண்ணீர். நாலு பக்கமும் 4 புளொக் தூரம் ஈரம் பிடிக்கும், 80 புளொக் பயிராகும். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையுடன் சண்டை இல்லை. ஆனால் எவ்வளவு மழை பெய்தாலும் அங்குள்ள ஆறு பெருகாது. மாரியில் சந்தனமடு ஆறு என்ன செய்யும் என்று கண்ட பிள்ளைக்கு அந்த விளையாட்டைவிடக் கூடத் தெரியும்.

கேள்வி: கோட்டை கட்டி அலுத்துவிட்டது. இனி எதைக் கட்டலாம்?
(மாணவி, சித்தாண்டி)

பதில்: உங்கள் ஊரை, மகள். ஒரு புளொக் ஒரு மீற்றர். அளவுநாடாவோடு ஒழுங்கையில் இறங்குங்கள். ஐ.நா.வின் மனித குடியிருப்புத் திட்டமும் மைன்கிராப்ட்டின் மொஜாங் நிறுவனமும் 2012இல் 'புளொக் பை புளொக்' என்று ஒன்றைத் தொடங்கின. நைரோபியின் கிபேராவிலும் நேபாளத்தின் கீர்த்திபூரிலும் ஊர்ச்சனமே தங்கள் பொது இடங்களை இந்த விளையாட்டில் கட்டிக் காட்டினார்கள். வரைபடம் வாசிக்கத் தெரியாதவர்கூட "இங்கே மரம் வேண்டும், அங்கே வெளிச்சம் வேண்டும்" என்று கையை நீட்டிச் சொல்ல முடிந்தது. சித்தாண்டிக்கு இது வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். மழைக்காலத்தில் தண்ணீர் எந்த ஒழுங்கையில் நிற்கிறது, வடிகான் எங்கே அடைபடுகிறது என்று உங்களைப்போல் அறிந்தவர் யார்? வடிகானைக் கட்டுங்கள், மதகை வையுங்கள். பிறகு ஆசிரியர் ஒருவரோடு செங்கலடிக்குப் போய்ப் பிரதேச சபையில் காட்டுங்கள்.

மைன்கிராப்ட் வாங்கக் காசு இல்லையென்றால் அதே மாதிரியான லுவான்ரி இருக்கிறது. 2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர். இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும்.