நெடுந்தீவில் ஜாஸ் இசைத்தட்டுச் சேர்ப்பவருக்குச் சில புத்திமதிகள்

ஜாஸ் இசைத்தட்டுச் சேர்ப்பதற்கு நியூயோர்க்கும் தோக்கியோவும் வசதியான ஊர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பவேண்டாம். அங்கே கடை இருக்கிறது, கடைக்குள் தட்டு இருக்கிறது, கையில் காசிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இதில் பக்தி எங்கே இருக்கிறது? உண்மையான சேகரிப்பாளனுக்கு வேண்டியது இடைஞ்சல். அது எல்லாப் பருவத்திலும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் இடம் நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் நிலம், சுற்றிவரக் கடல், முருகைக்கல் அடுக்கிய வேலி, கட்டாக்காலிக் குதிரைகள், குடாநாட்டு மின்கம்பிகளோடு தொடுப்பில்லாத டீசல் மின்சாரம். இதைவிடச் சிறந்த தவச்சாலை ஜாஸ் ரசிகனுக்கு அமையாது.

முதலில் விலாசத்தைச் சரியாக எழுதப் பழகுங்கள். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப்பெயரை இந்தத் தீவுக்கு வைத்துவிட்டுப் போனதால், வெளிநாட்டுக்காரருக்கு நாங்கள் இன்றும் டெல்ஃப்ட். அந்த மற்ற டெல்ஃப்ட் ஹேக் நகரத்துக்கும் றொட்டர்டாமுக்கும் நடுவில் இருக்கிறது. உலகின் பெரிய ஜாஸ் விழாக்களில் ஒன்றான வடகடல் ஜாஸ் விழா 1976 முதல் 2005 வரை ஹேக்கில் நடந்தது; 2006 முதல் றொட்டர்டாமில் நடக்கிறது. முப்பது வருடம் ஒரு பக்கத்து ஊரில், அதற்குப் பிறகு மறுபக்கத்து ஊரில். அந்த டெல்ஃப்ட்காரர் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நீங்கள் வெறுமனே டெல்ஃப்ட் என்று எழுதிவிட்டால், பார்சல் அதே தட்டில் ஏற்கெனவே மூன்று பிரதி வைத்திருக்கும் ஒரு கனவானின் வீட்டுக்குப் போய்ச் சேரும். அவர் திருப்பி அனுப்பமாட்டார். சேகரிப்பாளர் எவரும் அனுப்பமாட்டார்.

யாழ்ப்பாணம் வரை பார்சல் வந்துவிட்டால் மிச்சம் உங்கள் கையில். குறிகட்டுவானுக்கு பஸ்ஸில் வரும்போது தட்டை நிமிர்த்தி மடியில் வைத்திருங்கள். படகில் ஏறியதும் யாராவது “உதுக்குள்ள என்ன?” என்று கேட்பார்கள். றெக்கோட் என்று உண்மையைச் சொன்னால் அதன்மேல் ஒரு வெங்காய மூட்டை ஏறும். சாமிப்படக் கண்ணாடி என்று சொல்லுங்கள். ஒரு மணித்தியாலப் பயணம் முழுக்க நாலுபேர் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார்கள். சோளகக் காற்றுக் காலத்தில் அலை படகுக்குள் வரும் என்பதால், பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை. படகுகளில் குமுதினி என்ற பெயரை அதன் பயணிகள் கொல்லப்பட்ட 1985 மே 15ஐ நினைக்காமல் நெடுந்தீவார் எவரும் சொல்வதில்லை. பகிடிக்கு நடுவே அதைக் கொண்டுவர எனக்கு மனமில்லை; நாம் வடதாரகையில் ஏறுவோம்.

வீட்டில் தட்டுகளை வைக்க, மேலைநாட்டு நூல்கள் சொல்லும் இறாக்கை எதுவும் வேண்டாம். ஆச்சியின் பெட்டகம் போதும். நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்கப் போடாதீர்கள், சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். தட்டு பிளாஸ்திக் என்பதால் கறையானுக்கு அதில் ஆர்வமில்லை. ஆனால் அட்டை உறையில் அதற்கு நல்ல ரசனை உண்டு; எந்த உறைக்கு விலை கூட என்பதையும் எப்படியோ அறிந்து வைத்திருக்கிறது.

தட்டுக் கழுவுவதுதான் இங்கே பெரிய கலை. கழுவ உப்பில்லாத தண்ணீர் வேண்டும் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவிதி. உப்பு காய்ந்தால் வரிக்குழிக்குள் பரலாக நின்று ஊசியைத் தின்னும். நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். நல்லதண்ணிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு நடுவே நீங்களும் நின்று, முறை வந்ததும் “இது மைல்ஸ் டேவிஸைக் கழுவ” என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு ஊரில் பெண் எடுக்கமுடியாது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருந்து, கூரைத் தண்ணீரைப் பிடித்து, வருடத்துக்கு ஒருமுறை எல்லாத் தட்டையும் கழுவுங்கள். மற்றப் பத்து மாதமும் கேட்கும் கரகர ஒலியை ‘அந்தக் காலத்து ஒலிப்பதிவின் வெதுவெதுப்பு’ என்று வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்துங்கள். கொழும்பிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், அங்கே பைப்பில் நல்லதண்ணி வந்தும்.

இனி மின்சாரம். சில பழைய சுழல்மேடைகளின் மோட்டார், வரும் மின்சாரத்தின் துடிப்பைப் பார்த்துத்தான் வேகம் பிடிக்கும். நிமிடத்துக்கு முப்பத்துமூன்றும் மூன்றிலொரு பங்கும் சுற்று என்றெல்லாம் அது தானாக எண்ணுவதில்லை. விநாடிக்கு 50 துடிப்பு வருகிறது என்று நம்பி ஓடுகிறது. ஒரு டீசல் இயந்திரம் களைத்து 48க்கு இறங்கினால் தட்டும் நூற்றுக்கு நான்கு வீதம் மெதுவாகும். சுருதி ஒரு சுரஸ்தானத்தில் முக்கால் பங்குக்குக் கிட்ட இறங்கிவிடும். இதைக் கேட்டுப் பதறி குவார்ட்ஸ் மோட்டார் வைத்த மேடை வாங்க ஓடாதீர்கள். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் புளூ’ 1959இல் பதிவானபோது, முதல் நாளில் ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் அந்தத் தட்டின் முதல் பக்கம் எங்கும் சற்று வேகமாக, சுருதி ஏறியே ஒலித்தது. 1992இல்தான் திருத்திய பதிப்பு வந்தது. அதாவது முப்பது வருடத்துக்கு மேலாகப் பாரிஸிலும் தோக்கியோவிலும் ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிய கருவிகளில், பிழைசொல்ல முடியாத 50 துடிப்பில், எல்லாரும் பிழையான சுருதியையே கண்மூடி ரசித்துக்கொண்டிருந்தார்கள். தீவுக்காரனுடைய பழைய மேடையோ, இயந்திரம் சற்றே சோர்ந்த ஒரு பின்னேரத்தில், மைல்ஸ் ஊதிய சுருதியிலேயே அதை ஒலித்திருக்கும். முதல் பக்கம் முடிந்ததும் மின் நிலையத்துக்கு ஓடிப்போய், இயந்திரத்தைக் கொஞ்சம் உசுப்பச் சொல்லவேண்டும். இரண்டாம் பக்கம் வேறொரு நாள் பதிவானது, அதன் சுருதி சரி.

மின்சாரம் நின்றேபோனால்? கவலை எதற்கு? 1990களில் குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். 6 வோல்ட், 3 வாட். ஒரு டயோட், ஒரு கப்பாசிற்றர், பற்றறியில் ஓடும் பழைய சூட்கேஸ் றெக்கோட் பிளேயர் ஒன்று, சுற்றுவதற்கு ஒரு மருமகன். ஜோன் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ இரண்டு பக்கமும் சேர்த்து 33 நிமிடமளவு. அது தெய்வத்துக்குச் செய்த காணிக்கை என்று கோல்ட்ரேன் சொன்னார். மருமகனையும் அப்படியே நினைத்துச் சுற்றச் சொல்லுங்கள். எல்வின் ஜோன்ஸ் முரசில் ஏறி இறங்கும்போது பொடியனும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டினால் மட்டும் கண்டியுங்கள்.

எதைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். அனுபவசாலிகள் இதைக் கடைசியிலேயே கேட்பார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது தட்டின் நடுவே, பாட்டு முடிந்த வெற்று வளையத்தில் என்ன கீறியிருக்கிறது என்பதை. பழைய புளூ நோட் தட்டுகளில் அங்கே ஒரு சின்னக் குறி இருக்கும். அச்சிட்ட தொழிற்சாலையின் முத்திரை அது, பார்க்கக் காது போலிருக்கும். காது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. காது தட்டிலேயே இருப்பதால் வாங்குகிறவரிடம் வேறு இருக்கவேண்டுமென்று யாரும் வற்புறுத்துவதில்லை.

நெடுந்தீவுக்காரன் வேறு கணக்கில் சேர்க்கவேண்டும். முதலாவது, மனக்குறைப் பிரிவு. டியூக் எலிங்டன் 1963இல் தன் குழுவோடு இலங்கைக்கு வந்து வாசித்தார். அந்தப் பயணத்தை வைத்துச் செய்த ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ 1967இல் வந்தது. டெல்லிக்கு ஒரு பாட்டு, ஆக்ராவுக்கு ஒரு பாட்டு, இஸ்பஹானுக்கு ஒரு பாட்டு. டெல்லியில் பாடிய ஒரு மைனாவுக்குக்கூடப் பங்கு கிடைத்தது. கொழும்புக்கு ஒன்றுமில்லை. எதற்கெடுத்தாலும் பெட்டிசம் எழுதும் எங்கள் ஆட்கள் அந்த நேரம் பார்த்து எங்கே போனார்கள்? அலிஸ் கோல்ட்ரேனும் 1970 டிசம்பரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் புறப்பட்டார். அந்தப் பயணத்தைக் குறிக்கும் பாட்டுக்கு வைத்த பெயர் ‘ஸ்ரொப்ஓவர் பம்பாய்’.

ஆனால் அதே தட்டை வாங்கிவிடுங்கள். ‘ஜேர்னி இன் சச்சிதானந்தா’, 1971. தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழர், திருகோணமலையிலும் கண்டியிலும் ஆச்சிரமம் நடத்தியவர், பிறகு 1969இல் வுட்ஸ்டொக் மேடையில் ஆசியுரை சொன்னவர். இதன் பயன் என்னவென்றால், வீட்டில் பெரியவர்கள் ஆட்சேபித்தால் “சாமியின்ரை றெக்கோட் ஆச்சி” என்று பொய்சொல்லாமல் சொல்லலாம். தம்பூரா சுருதி தொடங்கியதும் ஆச்சி காலை நீட்டி உட்காருவா. பறோ சாண்டர்ஸ் சாக்சபோனோடு உள்ளே வரும்போது அவவின் முகத்தைப் பார்க்காதீர்கள்.

அடுத்தது, எங்கட பொடியள் பிரிவு. வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அவருடைய பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவருக்கும் வயலின் பிடிபட்டது இந்த மண்ணில். பின்னாளில் ஹெர்பி ஹான்கொக் சுப்பிரமணியத்துக்குப் பியானோ வாசித்தார்; ஸ்டெபான் கிரப்பெல்லி அவரோடு சேர்ந்து 1984இல் ‘கொன்வர்சேஷன்ஸ்’ வாசித்தார். சங்கர், ஜோன் மக்லோக்லினுடன் ‘சக்தி’ குழுவில் இருந்தார். ஜான் கார்பரெக்கோடு ‘விஷன்’ செய்தார். 1958இல் அமெரிக்க அரசு ஜாஸ் தூதுவராக அனுப்பிய டேவ் புரூபெக் இலங்கைக்கு வந்தார். அதே 1958இல், இனக்கலவரத்தோடு, இந்தக் குடும்பம் மதராஸுக்குப் போனது. வந்த ஜாஸ் சில நாளில் கப்பலேறியது. போன ஜாஸை இன்று நாம் டொலரில் வாங்குகிறோம். வாங்கும்போது தபால்காரருக்கு இதையெல்லாம் விளக்கவேண்டாம், அவருக்கும் படகு பிடிக்கவேண்டும்.

சார்லி மரியானோவையும் தேடுங்கள். சார்ல்ஸ் மிங்கஸின் 1963 தட்டில் ஆல்ட்டோ சாக்சபோன் ஊதி அழவைத்தவர், பிறகு தென்னிந்தியாவில் நாதஸ்வரம் படித்து, 1976இல் ‘ஹெலன் ருவெல்வ் ட்ரீஸ்’ தட்டில் அதையும் ஊதினார். இதை இங்கே போடும்போது தெரு ஒழுங்கையில் போகிறவர்கள் யார் வீட்டில் கலியாணம் என்று கேட்டு வருவார்கள். தேத்தண்ணிக்குச் சீனி கூட வாங்கி வையுங்கள்.

கேட்கும் அறை பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒலி ஒரே இடத்தில் மோதித் திரும்பாமல் சிதறட்டும் என்று மேலைநாட்டார் மேடுபள்ளமான பலகை வாங்கிச் சுவரில் அறைகிறார்கள். முருகைக்கல் வேலியோரம் முற்றத்தில் போட்டால் அந்த வேலை காசில்லாமல் நடக்கும். பெருக்கமரத்துப் பொந்துக்குள் வைத்துக் கேட்டால் இன்னும் அருமையாக இருக்கும். உல்லாசப் பயணிகள் படம் எடுத்து முடியும்வரை வெளியே நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

முற்றத்தில் போட்டால் அயலவர் வருவார்கள். முதல் உரையாடல் எப்போதும் இப்படித்தான் போகும்.

“தம்பி, உது எங்கையோ கீறுப்பட்ட றெக்கோட். ஒண்டையே திருப்பித் திருப்பி ஊதுறான்.”

“இல்லை அப்பு, அது அப்பிடித்தான்.”

“அப்ப காசைக் குடுத்து ஏன் வாங்கினனீ?”

இந்த இடத்தில் ஜாஸின் வரலாற்றை நியூ ஓர்லியன்ஸிலிருந்து தொடங்கும் சபலம் வரும். அடக்குங்கள். கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த மேளச்சமாவைக் கேட்டு வளர்ந்த மனிதர் அவர். நாலைந்து கூட்டம் நாதஸ்வரம், தவில். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, மடக்கி, திருப்பிக் கொடுத்து, சனம் தலையாட்டும்வரை விடாத வாசிப்பு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) தவிலைத் தொட்ட இரவுகளைப் பற்றி அவர் வயதுக்காரர் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். அப்புவுக்கு ஒன்றும் சொல்லாமல் கதிரையைக் கொடுங்கள். இரண்டாம் தட்டில் அவரே சொல்லுவார்: “உந்தத் தாளக்காரன் குழப்படிகாரன். ஊதுறவனைக் கிண்டி விட்டுட்டு ஒண்டும் தெரியாத மாதிரி இருக்கிறான்.” எல்வின் ஜோன்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் சொல்லவந்தது இதைத்தான். தட்டின் அச்சு இலக்கத்தை மனப்பாடம் செய்த சேகரிப்பாளருக்கு இது புரியப் பல வருடம் எடுக்கும். சிலர் அது புரிவதற்குள் தட்டை விற்றுவிடுவார்கள்.

குதிரைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. அவை வேலிக்கு மேலால் தலையை நீட்டினால் இசையில் மயங்கிவிட்டன என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதீர்கள். வரட்சிக் காலத்தில் அவை தண்ணீருக்குத்தான் நீட்டும். வாளியை வைத்துவிட்டு ஊசியைத் தூக்குங்கள்.

தட்டை யாருக்கும் இரவல் கொடுக்கக்கூடாது. கேட்பவர் அதிபரோ, கோயில் தர்மகர்த்தாவோ, மைத்துனரோ என்றால் ஏற்கெனவே கீறுப்பட்டது ஒன்றைத் தனியாக வைத்திருந்து கொடுக்கவேண்டும்.

கடைசியாக, ஆகஸ்ட் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினர். பெட்டகத்தைத் திறந்து காட்டியதும் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, “உதெல்லாம் இதுக்குள்ள சும்மா வருதே” என்பார். வாதாடாதீர்கள். புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் கொடுங்கள், கோட்டையைப் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள், பின்னேரப் படகு சிலவேளை நேரத்தோடு வெளிக்கிட்டுவிடும் என்று மெல்லச் சொல்லிவையுங்கள். அடுத்தமுறை வரும்போது ஊசி ஒன்று வாங்கிவரச் சொல்லி, மாதிரி எண்ணையும் அந்தப் போனிலேயே எழுதிக் கொடுங்கள்.