சாய்ந்த லிங்கமும் சரிந்த அட்டைக் கட்டும்: ஆபரேட்டர் பிழை குறித்து ஓர் ஆய்வு

பெருங்கணினிக் காலத்தில் ஆபரேட்டரின் கைப்பிழையால் தரவு அழிந்த வரலாற்றை அமெரிக்காவிலிருந்து தொடங்குவது அறிஞர் வழக்கம். கும்பகோணத்துக்கு வடகிழக்கே உள்ள திருப்பனந்தாளை அவர்கள் கணக்கில் கொள்ளாதது வியப்பளிக்கிறது.

தலபுராணம் தரும் சான்று இது: தாடகை என்ற பெண் மாலை சாத்தக் கையை உயர்த்தியபோது சேலை நெகிழ்ந்தது. முழங்கையால் இடுக்கிக்கொண்டு தவித்தவளுக்காக லிங்கம் சாய்ந்து கொடுத்தது. மாலை ஏறியது, லிங்கம் நிமிரவில்லை. பயனாளருக்கு இடம்கொடுத்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பாமல் போன முதல் நிகழ்வு இதுவே என்பது நம் துணிபு. மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்துத் தோற்றான். திருக்கடவூரிலிருந்து வந்த குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுத்து நிமிர்த்தினார். இதிலிருந்து ஒரு விதி பெறப்படும்: மேலிடம் யானையை அனுப்பும், கழுத்தைக் கொடுப்பவர் வேறு ஆள்.

1973-இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155 பெருங்கணினிக்கும் துளை அட்டைதான் தீனி. அட்டைக்கு 80 பத்தி. ஃபோர்ட்ரானில் 73 முதல் 80 வரை வரிசை எண் அடித்துக்கொள்ளலாம். அடிக்கச் சோம்பியவர் கட்டு கைநழுவினால், அவர் தரையில் உட்கார்ந்து தம் நிரலை முதன்முறையாக முழுதும் படித்தார். விவரமறிந்தவர்கள் கட்டின் விளிம்பில் குறுக்குச் சாய்வாக மையால் ஒரு கோடு இழுத்துவைத்தார்கள். நம் ஏடெழுதிகளோ ஓலையின் ஓரத்தில் எண் இட்டார்கள். கயிறு அறுந்தாலும் நூல் கலையவில்லை. இந்த முன்னுரிமையை ஐபிஎம் இன்றுவரை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

காந்த நாடாவில் காவல் இன்னும் கறார். சுருளின் பின்புறம் பிளாஸ்டிக் வளையம் மாட்டினால்தான் எழுதும். கழற்றினால் படிக்க மட்டும். வளையத்தோடு பழைய நாடாவை ஏற்றிவிட்டால் ஊழியர் சம்பளக் கணக்கின் மேல் வேறொன்று எழுதப்பட்டுவிடும். அதற்காகவே பாட்டன், அப்பன், மகன் என மூன்று தலைமுறை நாடாக்களை வைத்திருந்தார்கள். டெல்டாப் பாகப்பிரிவினைகளில் பாட்டன் பத்திரம்தான் முதலில் காணாமல் போகும் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

எனினும், கைநழுவலால் போனது கொஞ்சம். முறைப்படி செய்ததால் போனதே அதிகம். 1969-இல் நிலவில் கால் வைத்த காட்சியின் மூலப் பதிவு நாடாக்கள், நாடாத் தட்டுப்பாட்டில் அழிக்கப்பட்டு மறுபடி பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசா முடிவுகட்டியது. பட்டியலைப் பார்த்து நாடாவை ஏற்றிய ஆபரேட்டரிடம் எந்தக் குறையும் இல்லை. கரிவலம்வந்தநல்லூரில் உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அங்கும் விதி மீறப்படவில்லை. நெய்யில் கூடக் குறை வைக்கவில்லை.

நாசாவிடம் தொலைக்காட்சி நிலையங்களின் பிரதிகளாவது மிஞ்சின. அவற்றைத் துலக்கி வெளியிட்டார்கள். சம்பள நாடா அழிந்த அலுவலகத்தில் காகித மஸ்டர் ரோல் இருந்தது. அதைப் பார்த்து மறுபடி அட்டை துளைத்தார்கள். கரிவலம்வந்தநல்லூரில் சாம்பல்.

திருப்பனந்தாளில் தோற்றுத் திரும்பிய யானைகளின் தீவனச் செலவு எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்பட்டது என்பது தனி ஆய்வுக்குரியது.