பக்கவாட்டில் நிற்காத பறவைகள்

கண்டியில் விறாந்தையும் ஒரு கதிரையும் இருந்தால் நீங்கள் பாதிப் பறவையியலாளர். மீதிப் பாதிக்குப் படம் போட்ட கையேடு வேண்டும். 1955இல் வந்த இலங்கைப் பறவைக் கையேட்டுக்கு ஜீ. எம். ஹென்றி எழுத்தோடு படங்களையும் தாமே தந்தார். அதற்கு வெகுகாலம் முந்தியது, கொய்லமன்ஸின் ஓவியங்களோடு 1880இல் நிறைவுற்ற லெக்கின் நூல். அதை விறாந்தையில் தூக்கிப் பிடிக்கவே தனி ஆள் வேண்டும்.

கையேட்டில் பறவை பாஸ்போட் படத்துக்கு நிற்பதுபோல் அசையாமல் பக்கவாட்டில் நிற்கும். உடவத்தகலைக் காட்டிலிருந்து எங்கள் பலாமரத்துக்கு வருவதோ, வாலின் அடிப்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் பறந்துவிடும். வாலடிக்கென்று தனிப் பக்கம் போட்ட புத்தகம் இன்னும் என் கண்ணில் படவில்லை. ஆகவே, இலங்கைக்கே உரிய பறவைகள் இருக்கும் பக்கத்தைத் திருப்பி, 'இதுதான்' என்று விரலை வைத்துவிடுகிறோம். பச்சையாக எது பறந்தாலும் லேயர்ட் கிளி. வெறும் பச்சைக்கிளியாக வாழ எங்கள் வளவில் எந்தக் கிளிக்கும் அனுமதியில்லை.

சந்தேகத்துக்கு இடம் வைக்காத ஒரே பறவை தவிட்டுக்குருவி. ஆறேழாக வந்து முற்றத்தில் ஓயாமல் கூச்சல் போடும். சிங்களத்தில் அதற்குப் பெயர் 'தெமலிச்சா'. 'தெமள' என்றால் தமிழ். பெயர் வைத்தவர் எதைக் கேட்டுவிட்டு வைத்திருப்பார் என்று என்னிடமுள்ள கையேடு சொல்லவில்லை.

"உங்கட அக்காமார் எல்லாரும் சேர்ந்து வந்த அண்டைக்கா இருக்கும்" என்றாள் மனைவி.