சம்மாந்துறை நாகரிகத்துக்கு ஒரு தலைவர்: பூர்வாங்க ஆய்வுக் குறிப்பு

ஆய்வுச் சுருக்கம்: கிழக்கிலங்கையின் சம்மாந்துறை ஒரு நாகரிகம். இதற்கு ஆதாரம் கேட்பவர் வெளியூரார்.

1. பின்னணி

சிட் மையரின் 'சிவிலைசேஷன்' கணினி விளையாட்டு 1991இல் வெளிவந்தபோதே இந்தியாவின் முகம் காந்திதான். 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று வைத்ததால் கூடவே இந்திரா காந்தியும் வந்தார். பிறகு அசோகர் வந்தார். 2018 விரிவாக்கத்தில் சந்திரகுப்த மௌரியரும் வந்து சேர்ந்தார். இலங்கைக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆறாம் பதிப்பில் கண்டி ஒரு நகர அரசாக ஓரமாய்க் குந்தியிருக்கும். மற்றவர்கள் தூது அனுப்பிப் பலனை வாங்கிக்கொள்வார்கள். தனக்கென்று பேசும் தலைவர் அதற்கில்லை. கண்டிக்கே இந்தக் கதி.

2. முறையியல்

பழைய விளையாட்டில் ஒரு வழு இருந்ததாம். காந்தியின் மூர்க்க அளவு ஒன்று. ஜனநாயகம் வந்ததும் அதிலிருந்து இரண்டு கழிய, எண் தடம்புரண்டு 255 ஆகி, மகாத்மா அணுகுண்டு வீசத் தொடங்கினாராம். இந்தக் கதையைப் பல ஆண்டுகளாக ஆளுக்காள் மேற்கோள் காட்டினார்கள். அப்படியொரு வழுவே இருக்கவில்லை என்று 2020இல் தம் நினைவுக் குறிப்பில் மையரே எழுதிவிட்டார். எங்கள் பக்கத்து வரலாற்றாய்வுக்கு இந்த முறை ஒன்றும் புதிதல்ல. ஒரு நூலில் வந்ததை இன்னொரு நூல் எடுக்கும். அதை ஒரு சிறப்பு மலர் எடுக்கும். பிறகு அந்த மலரையே ஆதாரமாகக் காட்டி முதல் நூலின் இரண்டாம் பதிப்பு வரும், பொன்னாடையோடு. இக்கட்டுரையும் அதே வழியில் நடக்கிறது.

3. வேட்பாளர்கள்

அ. மன்னர். போர்த்துக்கேயர் விரட்டிய நாலாயிரம் முஸ்லிம்களை 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியவன் கண்டியரசன் செனரத் என்று நூல்கள் சொல்கின்றன. நல்ல மனிதன். ஆனால் கண்டிக்காரன். (மூத்தவாப்பா, வாய்மொழி, சாய்மனைக் கதிரை.)

ஆ. மரைக்கார். பள்ளிவாசலில் தாய்வழிக் குடிக்கொருவர் இருப்பார். ஒருவரைத் தெரிவு செய்தால் மற்றக் குடிகளுக்கு யார் பதில் சொல்வது?

இ. அரசியல்வாதிகள். ஆய்வாளர் நாளைக்கும் இதே சந்தையில்தான் மீன் வாங்க வேண்டும்.

ஈ. பயணி. 2025இல் வந்த ஏழாம் பதிப்பு, தலைவரையும் நாகரிகத்தையும் பிரித்துவிட்டது. யாரும் எதற்கும் தலைமை தாங்கலாம். நாடாண்டிருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. கன்பூசியஸ், மாக்கியவெல்லி, ஹாரியட் டப்மன் வரிசையில் இப்னு பதூதாவும் இருக்கிறார். சோழரும் அதில் ஒரு நாகரிகம் என்பதால் மொரோக்கோக்காரர் சோழருக்குத் தலைமை தாங்கவும் வழியுண்டு. தமிழ்ப் பேராசிரியர்கள் இன்னும் கண்டனக் கூட்டம் வைக்காதது, யாரும் அவர்களுக்குச் சொல்லாததால்தான்.

1344இல் மாலைதீவிலிருந்து வந்த பதூதா, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளியாய் இருந்து, பாவா ஆதம் மலையேறி, தெவிநுவர, காலி, கொழும்பு சுற்றிப் புத்தளத்துக்கே திரும்பினார். கிழக்குப் பக்கம் தலைகாட்டவில்லை. ஏன்? மாலைதீவில் காழியாக இருந்த சொற்ப காலத்தில் நாலு கலியாணம் முடித்தவர் அவர். எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். விடிந்தால் மாமி, பொழுதுபட்டால் மச்சான்மார். சீனாவுக்குப் போகிறேன் என்று வாய் திறந்திருந்தால், "வேளாண்மை வெட்டு முடியட்டும் மருமகன்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த வெட்டு முடிவதில்லை. பயண நூலும் நமக்குக் கிடைத்திராது. (உம்மம்மா, வாய்மொழி, அடுப்படி, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னதால் வாசகம் இடையிடையே சிதைந்துள்ளது.)

உ. வட்டை விதானை. இவர்தான்.

வயல் வட்டையொன்றுக்குத் தண்ணீர் பங்கிட, போகத்துக்கு முன் கூடும் கூட்டத்தில் விவசாயிகளே தெரிவு செய்யும் ஆள் இவர். கூலி நெல்லாக வரும், வராமலும் போகும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் பெயர் தாங்கிய சமுத்திரம் கிடைத்தது. அந்தச் சமுத்திரம் கடைசி வரவைக்கு வந்து சேர்வது இவர் கையில். மன்னர்கள் கல்வெட்டு வெட்டினார்கள். விதானை வரம்பு வெட்டுகிறவனைப் பிடிக்கிறார். சாமம் கடந்து, சாரத்தை மடித்துக் கட்டி, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் வைக்கோலும் சேறுமாய் உடைப்பை அடைக்கிற மனிதனுக்கு ஹம்முராபியின் சட்டம் ஒரு பொருட்டா? ஹம்முராபி கல்லில்தான் எழுதினார். இவர் முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்; மறுநாள் அதே முகத்தோடு ஜும்ஆவுக்குப் பக்கத்துச் சப்பில் நிற்கவும் வேண்டும்.

விளையாட்டுக்கான பரிந்துரைகள் வருமாறு. சிறப்பாற்றல், 'மடைப் பூட்டு': அயல் நாகரிகத்தின் பயிர் மூன்று சுற்றில் கருகும். விருப்பம்: வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் அனுப்புவோர். வெறுப்பு: ஆள் அனுப்பாமல் "சுகமில்லை" என்று சொல்லியனுப்புவோர். பலவீனம்: மச்சானின் காணி மேட்டில் இருந்தால் கண் தெரியாது. (தேத்தண்ணிக் கடை, மூலை மேசை, இஷாவுக்குப் பின், மூலப்பிரதி சிந்திய சீனியில் விரலால் எழுதப்பட்டு, கடைப் பொடியனால் துடைக்கப்பட்டது. மாற்றுப் பாடம்: பக்கத்து மேசை, முற்றிலும் முரணானது, ஆயினும் சத்தம் கூட என்பதால் பதிப்பாசிரியர் அதையே கொள்வர்.)

4. எதிர்ப்புகள்

விதானை சக்கரவர்த்தி அல்லர் என்பார்கள். 2018இல் கிரீ மக்களின் பவுண்ட்மேக்கரைத் தலைவராகச் சேர்த்தபோது, நிலம் பிடிப்பதே வெற்றி என்ற ஆட்டத்தில் எங்கள் ஆளை ஏன் இறக்கினீர்கள் என்று அம்மக்களிடமிருந்தே ஆட்சேபம் வந்தது. விதானைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் நிலம் பிடிப்பதில்லை. இருக்கிற நிலத்துக்கே தண்ணீர் போதாது.

5. வசனங்கள்

விளையாட்டில் தலைவர்கள் தம் மொழியில் பேசுவார்கள். ஒலிப்பதிவுக்கு இவை போதும்.

முதற் சந்திப்பு: "வாங்க, இரிங்க, பிளேன்டீ குடிச்சிட்டுப் பேசுவம்."

போர்ப் பிரகடனம்: "ஆருடா மடையத் தொறந்த?"

சமாதானக் கோரிக்கைக்கு: "கூட்டத்துல சொல்லுங்க."

தோல்வி: "மேல்வட்டையான் தண்ணியத் தரல்ல."