நீக்கலும் சேர்த்தலும்: 1955 ஷெவர்லேயை வீட்டிலேயே பந்தயக் காராக்கும் அமெரிக்க மரபு – ஓர் ஆய்வு

முன்னுரை

கார் வைத்திருப்போர் இருவகைப்படுவர். காரில் ஏறி ஓரிடத்துக்குப் போகிறவர் ஒருவகை. காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஓரிடத்துக்குப் போகிறவர் மறுவகை. முன்னவரைப் பற்றிப் பொருளாதாரமும் சமூகவியலும் நிறையவே பேசியிருக்கின்றன. பின்னவரை ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையைக் களையும் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு எல்லை

இவ்வாய்வின் எல்லை 1,320 அடி. அதாவது கால் மைல், மெட்ரிக்கில் 402 மீட்டர். டிராக் ரேஸ் என்பது இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு நேர்கோட்டில் அவ்வளவு தூரம் ஓடுவது. திருப்பம் கிடையாது, காட்சி கிடையாது, போய்ச் சேர ஊரும் கிடையாது. சென்னையை அடுத்த சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள் தனி ஆய்வுக்குரியவை ஆதலின் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கருதுகோள்

பழைய காரிலிருந்து ஒரு பொருளைக் கழற்ற ஆகும் செலவு, அப்பொருளைப் புதிதாக வாங்க ஆகும் செலவைவிட அதிகம். இதை ‘நீக்கல் விதி’ எனக் கொள்வோம்.

இயல் 1: வரலாறு

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் விமான ஓடுதளங்கள் மிஞ்சின. இன்ஜினைப் பிரித்துப் பழகிய இளைஞர்களும் மிஞ்சினார்கள். இரண்டும் சந்தித்தன. 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் ஓட்டிப் போலீசிடம் மாட்டிக்கொண்டிருந்தவர்களை ஓடுதளத்துக்குக் கொண்டுவந்து, விதிமுறைப் புத்தகத்திடம் மாட்டிவிட்ட பெருமை அவரைச் சாரும்.

1955இல் ஷெவர்லே புதிய வி8 இன்ஜினோடு ஒரு குடும்பக் காரை வெளியிட்டது. 265 கன அங்குலம், 162 குதிரைத்திறன். அளவில் சிறியது, எடையில் குறைந்தது, விலையும் கைக்கு எட்டுவது. காரை வடிவமைத்தவர்கள் தேவாலயத்துக்கும் மளிகைக்கடைக்கும் போகிற குடும்பத்தை மனத்தில் வைத்திருக்கலாம். அந்த இன்ஜினின் வழித்தோன்றல்கள் பல பத்தாண்டுகளுக்கு வீட்டுக் கராஜ்களை ஆளப்போவதை அவர்கள் அப்போது அறிந்திருக்க நியாயமில்லை.

துணைமைச் சான்றாக 1971இல் வந்த ‘டூ-லேன் பிளாக்டாப்’ திரைப்படத்தைக் காட்டலாம். அதன் நாயகன் சாம்பல் நிற 1955 ஷெவர்லே. மனிதர்களும் நடித்திருக்கிறார்கள்.

இயல் 2: நீக்கல்

காரில் 100 பவுண்டு குறைத்தால் கால் மைலில் பத்தில் ஒரு விநாடி மிச்சமாகும் என்பது இத்துறையின் மூதுரை. எனவே ஹீட்டர் போகிறது. ரேடியோ போகிறது. பின்சீட், தரைவிரிப்பு, பம்பர் எல்லாம் வரிசையாகப் போகின்றன. இரும்பு பானெட் ஃபைபர் பானெட் ஆகிறது. ஜன்னல் கண்ணாடி பாலிகார்பனேட் ஆகிறது. கழற்றிய பொருள்களை, இதே மாடலைப் பழையபடியே புதுப்பிக்க முனையும் இன்னொருவர் வந்து வாங்கிப் போகிறார். இருவரும் ஒருவரையொருவர் பைத்தியம் என்று கருதுவதால் பேரம் சுமுகமாக முடிகிறது.

நீக்கலின் உச்சம் தரைத்தார். சத்தம் வராமலிருக்கத் தரைத்தகட்டின்மேல் அந்நாளில் தார்ப்பூச்சு ஒட்டியிருந்தார்கள். சுரண்டினால் வராது. அதன்மேல் உலர்பனிக்கட்டியைப் பரப்பிச் சற்று நேரம் விட வேண்டும். குளிரில் தார் விறைத்துப் போகும். பிறகு சுத்தியலால் லேசாகத் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். ஒரு நாள் முழுக்க மண்டியிட்டு அள்ளினால் சில கிலோ தேறும். அந்தச் சில கிலோவில் மிச்சமாகும் நேரம், கண் இமைக்கும் நேரத்திலும் சிறு பகுதி.

இங்கே ஓர் ஐயம் எழலாம்: ஓட்டுநரே 50 பவுண்டு இளைத்தால் செலவில்லாமல் இதே பயன் கிட்டுமே? கொள்கையளவில் இது மறுக்க முடியாத வாதம். நடைமுறையில் யாரும் இதை விவாதிக்க விரும்புவதில்லை.

இயல் 3: சேர்த்தல்

எடுத்த எடை வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. 11.49 விநாடியிலோ அதற்கும் குறைவாகவோ ஓடும் காருக்கு ரோல் பார் என்னும் பாதுகாப்பு வளைவு வேண்டும் என்கிறது விதிமுறை. மணிக்கு 135 மைல் தொட்டால் முழு இரும்புக்கூண்டு. 150 தொட்டால் பாராசூட். ஆக, பின்சீட் இருந்த இடத்தில் இப்போது இரும்புக்குழாய் இருக்கிறது. யாரும் உட்கார முடியாது என்பதுதான் வேறுபாடு.

பேட்டரி முன்னாலிருந்து டிக்கிக்குப் போகிறது. அதுவும் வலப்பின் சக்கரத்துக்கு மேலே. காரணம் அறிவியல்பூர்வமானது. இன்ஜினின் முறுக்கு விசை புரப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் போய், வலப்பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். அதை அமுக்கிப் பிடிக்க ஒரு கனம் தேவை. மாமியாரை உட்கார வைக்கலாம். ஆனால் சீட் இல்லை.

அடுத்து அச்சு. ஷெவர்லே ரசிகரும் ஃபோர்டு ரசிகரும் பரம வைரிகள். ஒருவர் காரை இன்னொருவர் காசு கொடுத்தாலும் தொடமாட்டார். ஆயினும் ஷெவர்லேக்காரர் தன் காருக்கடியில் மாட்டுவது பெரும்பாலும் ஃபோர்டின் 9 அங்குலப் பின்னச்சு. எவ்வளவு முறுக்கினாலும் உடையாது. வெளியே ஒரு மதம், அடியில் ஒரு மதம். இந்தச் சமய நல்லிணக்கம் தரைமட்டத்தில் நிகழ்வதால் வெளியே தெரிவதில்லை.

கியர்பாக்ஸின் கதை இன்னும் விசித்திரமானது. கிளட்ச் மிதிக்க விரும்பாதவர்களுக்காக 1950இல் ஷெவர்லே கொண்டுவந்தது பவர்கிளைடு. மொத்தம் இரண்டே கியர். சோம்பேறிப் பெட்டி என்று கேலிக்கு ஆளாகி, 1973இல் ஓய்வு பெற்றது. பந்தயக்காரர்களோ, கியர் குறைந்தால் மாற்றும் வேலையும் குறையும், பிழையும் குறையும் என்று கண்டுகொண்டு, உள்ளுறுப்புகளைப் பலப்படுத்தி அதையே இன்றும் மாட்டுகிறார்கள். காரில் இருந்த நவீன வசதிகளையெல்லாம் தூக்கியெறிந்தவர், பாட்டிக்கென்று செய்த கியர்பாக்ஸை மட்டும் போற்றிப் பாதுகாக்கிறார்.

இயல் 4: இல்லமும் களமும்

வீட்டில் செய்வது என்பதால் வீடும் ஆய்வுக்குரியதே. கராஜில் இந்தக் கார் நுழைந்த நாள் முதல் தினசரி ஓடும் கார்கள் வெயிலிலும் பனியிலும் நிற்கத் தொடங்குகின்றன. இன்ஜின் உறுப்புகள் மெல்லச் சமையலறைக்குக் குடிபெயர்கின்றன. வால்வு மூடிகள் டிஷ்வாஷரில் குளிக்கின்றன. பெயின்ட் அடித்த பிராக்கெட்டுகள் ஓவனில் வேகின்றன. அன்றிரவு கேக்கில் ஏதோ வாடை வருவதாகப் புகார் எழும். விசாரணையில் யாரும் வாய் திறப்பதில்லை.

பிள்ளைகளின் களிமண்ணும் தப்பாது. புது கேம்ஷாஃப்ட் போட்டால் வால்வுகள் அதிகம் இறங்கும். பிஸ்டன் மேலே வரும்போது இடிக்குமா என்று பார்க்க வேண்டும். பொம்மை செய்யும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, லேசாக எண்ணெய் தடவி, மேல்மூடியை இறுக்கி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவார்கள். திறந்தால் களிமண்ணில் வால்வின் அச்சு பதிந்திருக்கும். அதைக் கத்தியால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளப்பார்கள். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. பல ஆயிரம் டாலர் இன்ஜினின் ஆயுள் யானைப்பொம்மை ஒன்றின் காலை நம்பி இருக்கிறது.

இயல் 5: ஓட்டம்

வருஷக்கணக்கான உழைப்புக்குப் பிறகு, பிக்கப் வண்டி இழுக்க, கார் களத்துக்குப் போகிறது. முன்பிரேக்கைப் பூட்டிப் பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றி டயரைச் சூடாக்குகிறார்கள். விளக்குக் கம்பத்தில் மஞ்சள் எரிந்து பச்சை விழுகிறது. புதிதாக இருந்தபோது 17 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்ட கார் இப்போது 11 விநாடியில் முடித்துவிடுகிறது. ஆதாயம் 6 விநாடி.

இங்கேதான் ஆய்வு எதிர்பாராத முடிவை எட்டுகிறது. வீட்டுக் கார்கள் பெரும்பாலும் ஓடுவது பிராக்கெட் ரேஸில். அதில் தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே சொல்லி, கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். மெதுவான கார் முதலில் புறப்படும். வேகமான கார் அதற்கேற்பக் காத்திருந்து புறப்படும். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால், எதிராளி அதைவிடப் பெரிய தப்பைச் செய்தாலன்றித் தோல்விதான். அதாவது, இவ்வளவு செலவழித்து வேகமாக்கிய காரை, கடைசி நூறு அடியில் பிரேக் தொட்டு மெதுவாக்குகிறவரே கைதேர்ந்தவர்.

மாற்றுக் கருத்தும் மறுப்பும்

2021இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட், இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையோடும் நான்கு கதவுகளோடும் ஏசியோடும் கால் மைலை 9.5 விநாடிக்குள் கடக்கிறது. தாரைப் பெயர்க்க வேண்டாம், களிமண்ணும் வேண்டாம் என்பர் ஒருசாரார். வேகமே நோக்கம் என்றால் இவ்வாதம் செல்லும். ஆனால் இயல் 5 காட்டியபடி வேகம் நோக்கமே அல்ல. சொன்னது சொன்னபடி நடப்பதே நோக்கம். அதற்கு ஒவ்வொரு போல்ட்டையும் தானே முறுக்கியிருக்க வேண்டும். வெயில் ஏறினால் எத்தனை நூறில் ஒரு விநாடி கூடும் என்பது வரை தெரிந்திருக்க வேண்டும். பணம் கட்டிச் சாவி வாங்கியவருக்கு இது வாய்க்காது.

முடிவுரை

1. நீக்கல் விதி நிறுவப்பட்டது.

2. ஒரு வீட்டில் அரசியல், வானிலை, பிள்ளைகளின் மதிப்பெண் எதுவும் குடும்பத்தலைவர் கணித்தபடி நடப்பதில்லை. 11.20 என்று எழுதினால் 11.21இல் வந்து நிற்கிற பொருள் அவ்வீட்டில் இந்தக் கார் ஒன்றே. அவர் ஆண்டுக்கணக்கில் கட்டியது வேகத்தை அல்ல, தன் பேச்சைக் கேட்கும் ஒரு ஜீவனை.

3. இவ்வளவு செலவு எதற்கு என்று வீட்டில் கேட்கும்போது இரண்டாம் முடிவை அப்படியே எடுத்துச் சொல்வது உசிதமன்று. ரேடியோ விற்ற காசு வந்ததே என்று சொல்லிவைப்பது நலம்.