மெல்லிசை மன்னரின் கூட்டு வண்டி

கேள்வி: பழைய இசையமைப்பாளர்களுக்குப் புதுக்காலத்தோடு கூட்டுச் சேர வருமா? தோட்டத்து ரேடியோவோடு அவர்கள் கதை முடிந்துவிட்டதே!
– ஒரு வாசகர், ஜாசின், மலாக்கா

பதில்: மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதனுக்கு வந்ததே! அவர் புகழ்பெற்றதே ராமமூர்த்தியோடு பூட்டிய இரட்டை மாட்டு வண்டியில்தான். 1965க்குப் பிறகுதான் தனி வண்டி. அதனால் 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு இளையராஜாவோடு சேர்ந்தபோது கூச்சமில்லை: மெட்டு பெரும்பாலும் பெரியவருடையது, வாத்தியச் சேர்க்கை இளையவருடையது. வாய்ப்புக் குறைந்ததால் செய்த சமரசம் என்பீர்கள். இருக்கட்டுமே. 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ரஹ்மானின் மெட்டுக்கு வெறும் பாடகராக வந்தாரே, அது? மற்ற குரல்களுக்கு நடுவே, எழுபதைத் தாண்டிய அந்த மெருகு பூசாத குரல்தான் முன்னால் நிற்கிறது. மன்னர் பட்டத்தை வாசலில் கழற்றிவைத்தவருக்கே அது கைவரும். ரேடியோ போனாலென்ன, கைப்பேசி இருக்கிறதல்லவா? அந்தப் பாட்டை இன்றிரவே போட்டுக் கேளுங்கள்.